எழுத்தாளர் நல அமைப்புகள்: உதவியும் உரிமையும்

1920ஆம் ஆண்டு கடையத்தில் வாழ்ந்துகொண்டிருந்த சி. சுப்பிரமணிய பாரதி, நண்பர்களுக்கும் ஆதரவாளர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்துகள் அனைத்தையும் 40 நூல்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட வேண்டும் என்பது அவர் திட்டம். அதற்கான முதலைக் கடனாகக் கேட்டிருந்தார். வட்டியுடன் திருப்பித் தருவதாகவும் எழுதியிருந்தார். பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் தன் 38ஆவது வயதில் பாரதி மறைந்தார். 1949இல் சென்னை மாகாண அரசு அவருடைய படைப்புகளின் உரிமையை விலைகொடுத்துப் பெற்று, பின்னர் அதைப் பொதுவாக்கியது.

இந்தச் சுற்றறிக்கை பெரும்பாலும் பாரதியின் வறுமைக்குச் சான்றாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் அது உதவி கேட்ட கடிதம் அல்ல. நூலின் எண்ணிக்கை, பிரதிகளின் எண்ணிக்கை, முதல், வட்டி என எல்லாம் கணக்கிடப்பட்ட ஒரு தொழில் திட்டம் அது. தன் எழுத்து விற்கும், அந்த விற்பனையிலிருந்து கடன் அடையும் என்று அவர் நம்பினார். அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை. தமிழ்நாட்டில் எழுத்தாளர்களுக்காக ஏற்பட்ட அமைப்புகளையும் திட்டங்களையும் மதிப்பிட அந்தச் சுற்றறிக்கையே நல்ல அளவுகோல். எழுத்தாளரிடம் அவருடைய ஏழ்மைக்குச் சான்று கேட்கும் அமைப்பு எது, அவருடைய புத்தகம் வாசகரிடம் சென்ற கணக்கைப் பார்க்கும் அமைப்பு எது என்ற வேறுபாடு அதில் தெளிவாக இருக்கிறது.

லண்டன்: நிதியிலிருந்து சட்டத்துக்கு

இந்த வேறுபாடு நீண்ட காலம் விவாதிக்கப்பட்டு, கடைசியில் சட்டமாகவே ஆன நாடு இங்கிலாந்து. பிளேட்டோவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஃப்ளாயர் சிடன்ஹாம் முதிய வயதில் கடனுக்காகக் கைதாகி 1787இல் இறந்தார். அந்தச் சாவின் தாக்கத்தில் டேவிட் வில்லியம்ஸ் என்ற மதபோதகர் 1790இல் ஓர் இலக்கிய நிதியைத் தொடங்கினார். பிற்காலத்தில் அது ராயல் லிட்டரரி ஃபண்ட் என்று பெயர் பெற்றது. இன்றும் அது இயங்குகிறது. கோலரிட்ஜ், ஜோசப் கான்ராட், டி.எச். லாரன்ஸ், டிலன் தாமஸ் ஆகியோர் அதன் உதவியைப் பெற்றவர்கள். 1915இல் யேட்ஸும் எஸ்ரா பவுண்டும் எடுத்த முயற்சியால் ஜேம்ஸ் ஜாய்ஸுக்கு 75 பவுண்டு கிடைத்தது. ‘யுலிசிஸ்’ அப்போது எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. வாசகர் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் ஜாய்ஸுக்கு அன்று எதுவும் கிடைத்திருக்காது. நன்கொடை நிதிகளை முற்றாக ஒதுக்கிவிட முடியாததற்கு இந்த ஓர் உதாரணம் போதும்.

ஆனால் அந்த உதவியைப் பெற எழுத்தாளர் விண்ணப்பிக்க வேண்டும். நோய், கடன், பிள்ளைகளின் எண்ணிக்கை, வீட்டு வாடகை எல்லாவற்றையும் விவரித்து எழுத வேண்டும். அவருக்காகப் பரிந்துரைப்பவர்களும் எழுத வேண்டும். உதவி பெற்றவர் பெயரை வெளியிடுவதில்லை என்ற நாகரிகம் அந்த நிதிக்கு இருந்தது. இருந்தும் அந்தக் கடிதங்கள் அழியவில்லை. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணங்கள்; இலக்கிய ஆய்வாளர்களுக்கு அரிய மூலப்பொருள். ஓர் எழுத்தாளர் தன் வாழ்நாளில் எவரும் படிக்கக் கூடாது என்று நினைத்து எழுதிய பக்கங்கள் அவருடைய நூல்களுக்கு நிகராக ஆராயப்படுகின்றன.

இந்த முறையை முதலில் கடுமையாக எதிர்த்தவர்களில் சார்லஸ் டிக்கன்ஸ் ஒருவர். நிதியின் நிர்வாகச் செலவு அதிகம் என்றும், அது எழுத்தாளர்களைக் கையேந்துபவர்களாக நடத்துகிறது என்றும் அவர் வாதிட்டார். நண்பர் புல்வர் லிட்டனுடன் சேர்ந்து மாற்று அமைப்பு ஒன்றையும் உருவாக்கினார். அதற்கு நிதி திரட்ட லிட்டன் ஒரு நாடகம் எழுதினார், டிக்கன்ஸ் நடித்தார், 1851இல் விக்டோரியா அரசி வந்து பார்த்தார். லிட்டன் கொடுத்த நிலத்தில், ஸ்டீவனேஜ் என்ற ஊரில், எழுத்தாளர்களும் கலைஞர்களும் தங்குவதற்கு வீடுகள் கட்டப்பட்டன. 1865இல் அவை தயாராயின. குடியேற எழுத்தாளர்கள் வரவில்லை. லண்டனின் பத்திரிகை அலுவலகங்களையும் நண்பர்களையும் விட்டுவிட்டு, ‘உதவி பெற்றவர்’ என்ற அடையாளத்தோடு ஒரு சிற்றூரில் போய் உட்கார யாருக்கும் விருப்பமில்லை. எழுத்தாளனின் தன்மானத்தைக் காக்கவென்றே தொடங்கிய திட்டம் அந்தத் தன்மானத்தில் இடித்துக்கொண்டு நின்றது. அந்த அமைப்பு நூற்றாண்டின் இறுதியில் கலைக்கப்பட்டபோது, மிஞ்சிய பணத்தில் ஒரு பங்கு டிக்கன்ஸ் எதிர்த்த அதே இலக்கிய நிதிக்குப் போய்ச் சேர்ந்தது.

வேறு வழியை எடுத்தவர் வால்டர் பெசன்ட். இன்று அவருடைய நாவல்களை வாசிப்பவர்கள் அரிது. தமிழ் வாசகர்களுக்கு அவரை அடையாளம் காட்ட எளிய வழி, அவர் அடையாறு அன்னி பெசன்டுடைய கணவரின் அண்ணன் என்பது. 1884இல் அவர் முன்னின்று தொடங்கிய எழுத்தாளர் சங்கத்துக்குக் கவிஞர் டென்னிசன் முதல் தலைவரானார். சங்கத்தின் முதன்மையான வேலை பணம் கொடுப்பது அல்ல, கணக்குச் சொல்லிக்கொடுப்பது. ஒரு நூலுக்குத் தாள் எவ்வளவு, அச்சுக்கூலி எவ்வளவு, கட்டுமானம் எவ்வளவு, பதிப்பாளருக்கு மிஞ்சுவது எவ்வளவு என்ற விவரங்களைச் சங்கம் அச்சிட்டு வெளியிட்டது. பதிப்பாளர் சொல்வதே கணக்கு என்று இருந்த நிலை அதனால் மாறத் தொடங்கியது. உறுப்பினரின் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்து ஆலோசனை சொல்லும் சேவையை அந்தச் சங்கம் இன்றும் வழங்குகிறது. எழுத்தாளருக்குக் கிடைக்கக்கூடிய சேவைகளில் பரபரப்பே இல்லாததும், மிகுந்த பயன் தருவதும் இதுவே.

அடுத்த படி நூலகம் தொடர்பானது. பொது நூலகத்தில் ஒரு நாவலை நூறு பேர் படித்தாலும் எழுத்தாளருக்குக் கிடைப்பது ஒரு பிரதிக்கான பங்கு மட்டுமே. 1951இல் ஜான் பிரோஃபி என்ற நாவலாசிரியர், ஒவ்வொரு இரவலுக்கும் ஒரு பென்னி எழுத்தாளருக்குச் சேர வேண்டும் என்றார். அப்போது அது நிறைவேறவில்லை. அவருடைய மகள் பிரிஜிட் பிரோஃபியும் மாரீன் டஃபியும் 1972இல் ஒரு போராட்டக் குழுவைத் தொடங்கி, நாடாளுமன்ற உறுப்பினர்களை விடாமல் அணுகினர். 1979இல் பொது நூலக இரவல் உரிமைச் சட்டம் நிறைவேறியது. 1984இல் முதல் தொகை வழங்கப்பட்டது. டென்மார்க்கில் இதுபோன்ற ஏற்பாடு 1946 முதலே இருந்தது.

இந்த உரிமையின் சிறப்பு அதன் உணர்ச்சியின்மை. மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நூலகங்களின் இரவல் எண்ணிக்கையிலிருந்து நாடு முழுவதற்குமான மதிப்பீடு கணக்கிடப்படுகிறது. ஓர் இரவலுக்குச் சில பென்ஸ்தான். அதிகபட்சமாக ஒருவருக்கு ஆண்டுக்கு 6,600 பவுண்டு என்ற உச்சவரம்பு இருப்பதால், புகழ்பெற்ற நாவலாசிரியர்கள் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. எழுத்தாளர் ஏழையா பணக்காரரா, நல்லவரா, அரசை ஆதரிப்பவரா என்ற கேள்வியே எழுவதில்லை. வறுமையை விவரித்துக் கடிதம் எழுதுவதற்குப் பதிலாக நூல்களின் பட்டியலைப் பதிவு செய்தால் போதும்.

கோட்டயம்: எழுத்தாளர்களே பதிப்பாளர்கள்

இங்கிலாந்தின் கதையை இந்தியாவுக்குப் பொருந்தாது என்று ஒதுக்குவது எளிது. அங்கே செல்வம் உண்டு, வாசிப்புப் பழக்கம் உண்டு என்பார்கள். கோட்டயத்தை அப்படி ஒதுக்க முடியாது.

1945இல், திருவிதாங்கூர் இன்னும் மன்னராட்சியில் இருந்தபோது, 12 பேர் சேர்ந்து 120 ரூபாய் முதலில் ‘சாகித்ய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கம்’ தொடங்கினார்கள். விமர்சகர் எம்.பி. பால் தலைவர். சிறுகதை எழுத்தாளரும் பள்ளி ஆசிரியருமான காரூர் நீலகண்டப் பிள்ளை செயலாளர். முதல் வெளியீடு தகழி சிவசங்கரப் பிள்ளையின் கதைத் தொகுதி. சில ஆண்டுகளில் டி.சி. கிழக்கேமுறி நடத்திவந்த நேஷனல் புக் ஸ்டால் சங்கத்துடன் இணைந்தது. எழுதுபவர், பதிப்பிப்பவர், விற்பவர் மூவரும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தனர்.

சங்கம் எழுத்தாளருக்கு 30 சதவீதம் ராயல்டி கொடுத்தது. பதிப்புத் தொழிலில் பத்து சதவீதமே வழக்கம். அதுவும் ஒழுங்காக வருவது அபூர்வம். சங்கத்தால் மூன்று மடங்கு கொடுக்க முடிந்தது எப்படி? தனி முதலாளியின் லாபம் என்ற பங்கு அங்கே இல்லை. விற்பனைக் கடையும் சங்கத்துடையது என்பதால் அந்தக் கழிவும் வெளியே போகவில்லை. ஒரு நூலின் விலை எப்படிப் பிரிகிறது என்பதை வால்டர் பெசன்ட் தாளில் அச்சிட்டுக் காட்டினார். கோட்டயத்துக்காரர்கள் அந்தப் பிரிவினையையே மாற்றி அமைத்தார்கள்.

இதற்குத் துணையாக இன்னொன்றும் நடந்தது. அதே 1945இல் அம்பலப்புழையில் பி.என். பணிக்கர் முயற்சியில் 47 ஊர் நூலகங்கள் கூடி ஒரு நூலகக் கூட்டமைப்பை உருவாக்கின. கேரளத்தின் புகழ்பெற்ற கிரந்தசாலை இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. அந்த நூலகங்களை ஊர்க்காரர்களே நடத்தினார்கள். என்ன வாங்குவது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். கூட்டுறவுச் சங்கத்தை மட்டும் தனியே எடுத்துப் புகழும் கட்டுரைகள் இந்த இணைப்பைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. வாங்குவதற்கு ஊர்தோறும் ஒரு வாசகசாலை இல்லாமல் 30 சதவீதம் என்பது காகிதத்தில் மட்டும் இருந்திருக்கும். எர்ணாகுளத்தில் சொந்தமாகப் புத்தகக்கடை வைத்துத் தன் நூல்களைத் தானே விற்ற வைக்கம் முகம்மது பஷீரின் அனுபவம் அதற்குச் சான்று. மலையாளத்தில் அவரைவிட விரும்பிப் படிக்கப்பட்டவர்கள் குறைவு. ஆனால் ஒரு கடையால் ஓர் எழுத்தாளரைத் தாங்க முடியவில்லை. நூலகங்களின் வலை தாங்கியது.

சங்கத்தின் பொற்காலம் நிலைத்திருக்கவில்லை. 1974இல் டி.சி. கிழக்கேமுறி வெளியே வந்து சொந்தப் பதிப்பகத்தைத் தொடங்கினார். மலையாளப் பதிப்புத் துறையின் மையம் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தது. கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் இயங்கும் எந்த அமைப்புக்கும் உரிய சிக்கல்கள் சங்கத்துக்கும் இருந்தன. தேர்தல், அணிகள், அரசின் பிடி ஆகியவை அவை. ஓர் எழுத்தாளரின் அடுத்த நூலை எப்போது மறுபதிப்பு செய்வது என்பதைச் சந்தையை அறிந்த ஒருவர் ஒரு மாலையில் முடிவு செய்வார். நிர்வாகக் குழுவுக்கு அது பல கூட்டங்களின் வேலை. சங்கம் இன்றும் இருக்கிறது. கோட்டயத்தை அடுத்த நாட்டகத்தில் 2024இல் மொழிக்கும் எழுத்துக்கும் ஓர் அருங்காட்சியகத்தையும் அது திறந்திருக்கிறது. ஆனால் மலையாள எழுத்தாளர்களின் முதன்மையான வருவாய் வழி என்ற இடம் இப்போது அதற்கு இல்லை. என்றாலும் அது விட்டுச்சென்ற ஒன்று உண்டு. எழுத்தாளருக்கு ராயல்டி கொடுத்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மலையாளத்தில் வேரூன்றிவிட்டது. சங்கத்துக்குப் போட்டியாக வந்தவர்கள்கூட அதை மீற முடியவில்லை.

தமிழில் ஏன் நிகழவில்லை

தமிழ் எழுத்தாளர்களிடையே சங்கங்களுக்குக் குறைவில்லை. கோட்டயத்துக்கு நிகரான ஒன்று மட்டும் நிலைபெறவில்லை. இதற்குத் தமிழ் எழுத்தாளர்களின் ஒற்றுமையின்மையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அது முழு விளக்கம் ஆகாது. தகழியும் பஷீரும் ஒரே சமயத்தில் தீவிர எழுத்தாளர்களாகவும் பரவலாக விற்கும் எழுத்தாளர்களாகவும் இருந்தார்கள். அவர்களின் நூல் விற்பனை கவிஞர்களையும் விமர்சகர்களையும் சேர்த்துச் சங்கத்தைத் தாங்கியது. தமிழில் அந்த இரண்டும் பிரிந்து கிடந்தன. விற்கும் எழுத்து ஆனந்த விகடன், கல்கி, குமுதம் போன்ற வார இதழ்களில் தொடர்கதையாக வந்தது. அதை எழுதியவருக்கு இதழ் பணம் கொடுத்தது. நூலாக வரும்போது கிடைப்பது கூடுதல் வரவு. மறுபுறம் ‘மணிக்கொடி’ முதல் ‘எழுத்து’ வரையிலான சிற்றிதழ்களில் எழுதியவர்களுக்குச் சன்மானம் என்ற பேச்சே இல்லை. ‘எழுத்து’ ஆசிரியர் சி.சு. செல்லப்பா தான் வெளியிட்ட நூல்களைப் பையில் சுமந்து ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குச் சென்று விற்றார். கூட்டுறவில் சேரத் தேவை இருந்தவர்களிடம் விற்பனை இல்லை. விற்பனை இருந்தவர்களுக்குக் கூட்டுறவு தேவைப்படவில்லை.

ஆகவே தமிழ் நவீன இலக்கியத்தின் மிகப் பெரிய புரவலராக இருந்தது மாதச் சம்பளம். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். லா.ச. ராமாமிர்தமும் வண்ணதாசனும் வங்கி ஊழியர்கள். நகுலன் கல்லூரி ஆசிரியர். ஜெயமோகன் தொலைபேசித் துறையில் இருந்தார். பூமணி பணிபுரிந்தது கூட்டுறவுத் துறையில் என்பது இந்த வரலாற்றில் ஒரு சிறு நகைமுரண். சம்பளம் எழுத்தாளரைப் பட்டினியிலிருந்து காத்தது. அதே சமயம், எழுத்திலிருந்து வருமானம் வர வேண்டும் என்ற கோரிக்கையையும் மழுங்கடித்தது. மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும் என்ற நிலையில், ராயல்டி கணக்கைப் பதிப்பாளரிடம் கேட்பது நாகரிகக் குறைவாகவே பலருக்குத் தோன்றியது. சம்பளம் இல்லாதவர்கள் அதன் விலையைக் கொடுத்தார்கள்.

அரசின் கை

தமிழ்நாட்டில் எழுத்தாளருக்கான ஆதரவு என்றதும் நினைவுக்கு வருவது அரசு. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியா விடுதலை பெற்ற பின் வந்த முதல் நூலகச் சட்டம் அதுவே. சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. ரூபாய்க்கு பத்து காசு. வீட்டு உரிமையாளர்கள் பலரும் கவனிக்காமலே அதைக் கட்டிவருகிறார்கள். 4,000க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் அந்தப் பணத்தால் இயங்குகின்றன. கேரளத்தின் கிரந்தசாலைகளுக்குச் சற்றும் குறையாத கட்டமைப்பு இது.

வேறுபாடு வாங்கும் முறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் நூல்களை மையமாகத் தேர்வு செய்து, ஒரு தலைப்பில் சில நூறு முதல் ஆயிரம் பிரதிகள் வரை மொத்தமாக வாங்கும் ‘நூலக ஆணை’ முறையே நெடுங்காலம் நிலவியது. விலை, பக்க எண்ணிக்கையை வைத்து, ஃபாரத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கப்பட்டது. பணம் பதிப்பகத்துக்குப் போகும். அதில் எழுத்தாளருக்கு எவ்வளவு என்று ஆணை கேட்பதில்லை. நூல் எழுதியவருடன் ஒப்பந்தம் இருக்கிறதா, ராயல்டி கொடுக்கப்பட்டதா என்று காட்டும் ஒரு தாளை இணைக்கச் சொல்லியிருந்தால், தமிழ்ப் பதிப்புத் துறையின் பழக்கமே மாறியிருக்கும். மிகப் பெரிய வாங்குபவர் விதிக்கும் நிபந்தனையை மீற எந்தப் பதிப்பகத்தாலும் முடியாது. அந்த வாய்ப்பு ஒவ்வோர் ஆண்டும் வந்து போனது.

தமிழ் வளர்ச்சித் துறை வழியாக வேறு உதவிகள் உண்டு. நூல் வெளியிட நிதியுதவி, சிறந்த நூலுக்குப் பரிசு, 58 வயது நிறைந்த தமிழறிஞர்களுக்கு மாத உதவித்தொகை ஆகியவை அவற்றில் முக்கியமானவை. நூல் வெளியீட்டு உதவிக்கும் மாத உதவிக்கும் வருமான வரம்பு இருக்கிறது, சான்று வேண்டும். இவற்றைப் பெறும் முதியவர்களுக்கு அந்தத் தொகை மருந்துச் செலவுக்காவது உதவுகிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. 2021இல் கனவு இல்லத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஞானபீடம், சாகித்ய அகாதெமி போன்ற விருதுகளைப் பெற்றவர்களுக்கு வீடு. ஸ்டீவனேஜ் வீடுகளைப் போல் இவை ஆளின்றிக் கிடக்கவில்லை. தாங்கள் விரும்பிய ஊரில் வீடு பெற முடிந்ததும் எழுத்தாளர்கள் இதை ஏற்றதற்கு ஒரு காரணம். ஆனால் விருது பெரும்பாலும் முதுமையில் வருகிறது. இருபத்தெட்டு வயதில் முதல் நாவலை எழுதிக்கொண்டு, வாடகை வீட்டில் இருப்பவரை இந்தத் திட்டம் பார்ப்பதே இல்லை.

நாட்டுடைமை இந்த வரிசையின் கடைசிப் படி. எழுத்தாளர் மறைந்த பின் அவருடைய வாரிசுகளுக்கு அரசு ஒரு பரிவுத்தொகையைக் கொடுத்து, படைப்புகளைப் பொதுவாக்குகிறது. வாசகர் தரப்பில் இதன் நன்மை பெரியது. அச்சில் இல்லாமல் போன நூல்கள் மீண்டும் வந்தன. மலிவுப் பதிப்புகள் கிடைத்தன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் பல நூல்களை எவரும் இலவசமாகப் படிக்கலாம். வாரிசுகளிடையே வழக்கு நடந்து நூல் முடங்குவதையும் இது தடுக்கிறது. குறையும் வாசகர் தரப்பிலேயே தொடங்குகிறது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றானபின், பாடத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு எவருக்கும் இல்லாமல் போனது.

எழுத்தாளர் தரப்புக் கணக்கைப் புதுமைப்பித்தனை வைத்துப் பார்க்கலாம். அவர் 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் காசநோயால் இறந்தார். வயது 42. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி அவருடைய நூல்களின் உரிமை 2008 முடியும் வரை அவர் குடும்பத்துக்கு உரியது. அவை 2002இல் நாட்டுடைமை ஆயின. அதாவது, சட்டப்படி தானாகவே பொதுவாகப் போகும் நூல்களை அரசு ஆறு ஆண்டுகள் முன்கூட்டி வாங்கியது. காசநோய் மருத்துவமனையில் தேவைப்பட்ட பணத்துக்கும் இதற்கும் இடையே 54 ஆண்டுகள். இதில் அரசு எந்தத் தவறும் செய்யவில்லை, விதிப்படியே நடந்தது. அந்த விதியில் எழுத்தாளர் என்பவர் இறந்தவர் என்ற பொருள் இருக்கிறது என்பதே விமர்சனம்.

2009இல் அறிவிக்கப்பட்ட நாட்டுடைமைப் பட்டியலில் கண்ணதாசன், சுந்தர ராமசாமி இருவரின் பெயர்களும் இருந்தன. இருவர் குடும்பத்தினரும் ஏற்க மறுத்தனர். அப்போது அந்த மறுப்பு சிலரால் நன்றியின்மை என்று பேசப்பட்டது. உண்மையில் அது ஒரு கணக்கு. அந்த இருவரின் நூல்களும் தொடர்ந்து விற்றுக்கொண்டிருந்தன. அவற்றை ஒழுங்காகப் பதிப்பிக்கும் நிறுவனங்கள் குடும்பத்திடமே இருந்தன. விற்கும் நூலுக்கு உரிமை, பரிவுத்தொகையைவிடப் பெரியது. பரிவு என்ற சொல்லே அந்தத் திட்டத்தின் மனப்பாங்கைக் காட்டிவிடுகிறது. விலை என்றோ ஈட்டுத்தொகை என்றோ அதற்குப் பெயர் வைக்கப்படவில்லை.

வழக்கும் ஒப்பந்தமும்

எழுத்தாளருக்குத் தேவைப்படும் ஆதரவு எல்லாம் பணமாக இருப்பதில்லை. ‘மாதொருபாகன்’ நாவலை ஒட்டி எழுந்த எதிர்ப்பில் பெருமாள்முருகன் 2015 ஜனவரியில் எழுத்தை நிறுத்துவதாக அறிவித்தார். நிதியோ விருதோ அப்போது பயன்பட்டிருக்காது. 1975இல் மதுரையில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் உயர்நீதிமன்றத்தை அணுகியது. 2016 ஜூலையில் வந்த தீர்ப்பு நாவலின் பக்கம் நின்றது. அவர் மீண்டும் எழுதினார். அரசியல் சார்புள்ள சங்கம் என்று விலகி நின்ற எழுத்தாளர்களும் அந்தத் தீர்ப்பின் பயனைப் பெறுகிறார்கள். தனி ஒருவர் வழக்கறிஞரை அமர்த்தி நடத்த முடியாத ஒன்றைச் சங்கம் செய்ய முடியும் என்பதற்கு அண்மைக்காலத் தமிழில் இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

அதே சங்கங்கள் ஒப்பந்தத்தின் பக்கம் போதிய கவனம் கொடுக்கவில்லை. தமிழில் இன்றும் கணிசமான நூல்கள் வாய்மொழி உடன்பாட்டில் வெளியாகின்றன. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஆகிய உரிமைகள் யாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பது நூல் வெற்றி பெற்ற பிறகுதான் பேசப்படுகிறது. அப்போது நட்பு முறிகிறது. திரைப்பாடலாசிரியர்களின் நிலை வேறு. 2012இல் வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், பாடல் திரையரங்குக்கு வெளியே ஒலிக்கும்போது கிடைக்கும் ராயல்டியில் அவர்களுக்குள்ள பங்கை எழுதிக்கொடுத்தாலும் போகாத உரிமையாக ஆக்கியது. அதை வசூலித்துத் தர ஓர் அமைப்பும் உண்டு. ஒரே ஆள் எழுதும் பாட்டுக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு அவர் எழுதும் நாவலுக்கு இல்லை. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் சேர்ந்து நின்று கேட்டார்கள், நாவலாசிரியர்கள் கேட்கவில்லை.

இரவல் உரிமையைத் தமிழ்நாட்டில் கேட்பது ஆடம்பரம் என்று தோன்றலாம். அதற்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. தனி வரி இருக்கிறது. நூலகங்கள் இருக்கின்றன. கிளை நூலகத்தில் எடுக்கும் எந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். திருப்பித் தர வேண்டிய தேதிகள் ஊதா மையில் ஒன்றன்கீழ் ஒன்றாக முத்திரையிடப்பட்டிருக்கும். சில நூல்களில் தாள் நிரம்பி, அதன்மேல் இரண்டாவது தாள் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு முத்திரையும் ஒரு வாசகர். அந்தக் கணக்கு எழுத்தாளரிடம் இதுவரை போய்ச் சேர்ந்ததில்லை.